குஞ்சுக்குக் கைகொடுக்கலாமா?

முட்டை என்றதும் நம் சங்கத்துச் சைவ நண்பர்கள் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முட்டைப் பொரியலைப் பற்றி நான் எழுத வரவில்லை. முட்டை பொரிவதைப் பற்றித்தான்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவனுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கரக்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கும் வங்காளி அம்மாள் ஒருவர் இருக்கிறார். தெருவுக்கே அவர் மாசிமா. போன ஜனவரியில், அடையில் உட்கார்ந்திருந்த அவருடைய கோழியைக் கீரி அடித்துவிட்டது. பதினைந்து நாள் அடைகாத்த ஒன்பது முட்டைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். எஞ்சினியர் என்றால் எதையும் ரிப்பேர் செய்துவிடுவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. டிப்ளமோக்காரன்தான் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்.

ஒரு தெர்மோகோல் பெட்டி, 40 வாட் பல்பு, சூடு ஏறினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட், ஒரு கிண்ணம் தண்ணீர். இன்குபேட்டர் தயார். உள்ளே 37.5 டிகிரி சென்டிகிரேடு நிற்க வேண்டும். 18-ஆம் நாள் வரை முட்டைகளைத் தினமும் சில தடவை திருப்பி வைக்க வேண்டும். தாய்க்கோழி அலகால் செய்கிற வேலை அது. அதன் பிறகு திருப்பக் கூடாது. ஈரப்பதத்தை மட்டும் 65, 70 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும். இதெல்லாம் சுலபம். கஷ்டம் 21-ஆம் நாள்தான் வந்தது.

அன்று மாலைக்குள் ஆறு குஞ்சுகள் தாமாகவே வெளியே வந்துவிட்டன. இரண்டு கூமுட்டை. ஒன்பதாவது முட்டையில் முந்தின நாள் இரவு ஏழு மணிக்கே விரிசல் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து கீச் கீச் என்று சத்தம். ஒரு முழு நாள் ஆகியும் துவாரம் கடலைப் பருப்பு அளவைத் தாண்டவில்லை.

"ஐயோ பாவம், ஒரு ஊசியால லேசா உடைச்சு விடக் கூடாதாங்க?" என்றாள் என் மனைவி. மாசிமாவோ, தானாக வராத குஞ்சு நிலைக்காது, தொடாதே என்றார். பேத்தி இரண்டு பேரையும் விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

மேடைப் பேச்சாளர்கள் ஒரு கதை சொல்வார்கள். கூட்டிலிருந்து வெளிவரத் தவித்த வண்ணத்துப்பூச்சிக்கு ஒருவன் இரக்கப்பட்டு உதவினானாம், அது பறக்கவே முடியாமல் போயிற்றாம். போராடினால்தான் பலம் வரும் என்று முடிப்பார்கள். கோழிக்குஞ்சின் விஷயம் அப்படியல்ல. அது காத்திருப்பது ரத்தத்துக்காகவும் மஞ்சள் கருவுக்காகவும்.

முட்டைக்குள் குஞ்சு வளரும் நாள் முழுவதும் அதற்கு மூச்சு, ஓட்டின் உட்புறம் படர்ந்திருக்கும் சவ்வின் ரத்தக் குழாய்கள்தான். ஓட்டின் நுண்துளைகள் வழியாக அவை காற்றை வாங்கித் தருகின்றன. கடைசிக் கட்டத்தில் குஞ்சு, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நீட்டி, நுரையீரலால் முதல் மூச்சு விடுகிறது. பிறகு அலகு நுனியில் இருக்கும் வெள்ளைக் கூரால் ஓட்டைக் குத்துகிறது. அதற்கப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடிய ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது. மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது. சாதாரணமாக இதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். முடிந்ததும் குஞ்சு உள்ளேயே சுழன்று ஓட்டை வட்டமாக வெட்டி மூடியைத் தள்ளிவிடும். லைன் கிளியர் கிடைக்குமுன் நாம் ஓட்டை உரித்தால் ரத்தக் குழாய் அறுந்துவிடும். இரக்கப்பட்டே கொன்றதாகும்.

ஆனால் மாசிமா சொன்னதும் முழுவதும் சரியில்லை. உள்ளேயே ஊனமுள்ள குஞ்சுகள் வெளியே வர முடியாமல் போவதுண்டு. அவற்றுக்கு உதவியும் பலனில்லை. ஆயிரக்கணக்கில் பொரிக்கும் பண்ணைக்காரர் ஒன்றுக்காக நிற்க மாட்டார். எங்கள் பெட்டியில் கதை வேறு. பிறந்த ஆறையும் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு தடவை மூடியைத் திறந்தார்கள். ஈரம் போனால் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நல்ல குஞ்சும் திரும்ப முடியாது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துவாரத்தின் ஓரத்தில் வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டிய சவ்வு பழுப்பேறிக் காகிதம் போல் இருந்தது. சத்தமும் தேய்ந்துவிட்டது.

இரவு பத்து மணி. விரிசல் விழுந்து 27 மணி நேரம். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அந்தச் சவ்வை ஒற்றினேன். அலகின் மூக்குத் துவாரத்தில் தண்ணீர் படாமல் பேத்தி டார்ச் பிடித்தாள். காற்றறைப் பக்கமாக இரண்டு சில்லு மட்டும் எடுத்தேன். ஈரம் பட்டதும் சவ்வு கண்ணாடி மாதிரி ஆனது. கீழே நூல் போலச் சிவப்புக் கோடுகள். அதோடு கையை எடுத்துவிட்டேன். முட்டையைப் பெட்டியில் வைத்து, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி மூடினேன். "அவ்வளவுதானா தாத்தா?" என்றாள் பேத்தி. அவ்வளவுதான் என்று படுக்க அனுப்பினேன்.

இரண்டரை மணிக்குப் பார்த்தபோது சிவப்புக் கோடுகள் மங்கியிருந்தன. மறுபடி சவ்வை நனைத்து, குஞ்சு வெட்டியிருக்க வேண்டிய வட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை விலக்கினேன். அடிப்பாதியைத் தொடவில்லை. உதைத்து வெளியே வருவது அதன் வேலை. நாலு மணிக்கு வந்தது. தொப்புள் மூடியிருந்தது, ரத்தம் இல்லை. இடது கால் மட்டும் இரண்டு நாள் இழுத்து இழுத்து நடந்தது. மாசிமா இப்போதும் அதை மட்டும் 'எஞ்சினியரின் கோழி' என்கிறார்.

பிறந்த உடனே தீனி வைக்கப் பேத்தி பறந்தாள். உடம்பு காயும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். நான் வேலை பார்த்த காலத்தில் பார்சல் ஆபீஸ் பக்கம் போனால், துளையிட்ட அட்டைப்பெட்டிகளில் ஒருநாள் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்கும். தீனியும் தண்ணீரும் இல்லாமல் எப்படி அனுப்புகிறார்கள் என்று அப்போதெல்லாம் நினைப்பேன். கட்டுச்சோறு வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது.