மேக், விண்டோஸ், நடுவே என் லினக்ஸ்

“லினக்ஸ்ல மெயில் எல்லாம் வருமா மேடம்?” அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என் திரையைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான். வரும். பிரவுசர் திறக்கிற எந்தக் கணினியிலும் வரும். அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. மேக்கும் விண்டோஸும் லினக்ஸும் ஒரே அறையில் இருக்கும்போது, ஒருவர் அனுப்புகிற மெயில் மற்றவருக்கு எழுத்து சிதையாமல், அட்டாச்மென்ட் தொலையாமல் போய்ச் சேருமா?

ராயப்பேட்டையில் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு பதிப்பகங்களுக்குப் புத்தகம் தயாரித்துக் கொடுக்கிறோம். லேஅவுட் செய்கிற அண்ணனிடம் மேக். இன்டிசைனை அவர் அதில்தான் பழகினார். கணக்குப் பார்க்கிற தம்பியிடம் விண்டோஸ். டேலி அதற்காக எழுதப்பட்டது. எடிட்டிங்கும் ப்ரூஃபும் பார்க்கிற எனக்கு லினக்ஸ் மின்ட், அதில் தண்டர்பேர்டு. யாரும் யாரையும் மாறச் சொன்னதில்லை. கைக்குப் பழகிய கருவியில்தான் வேலை சுத்தமாக வரும்.

பிரவுசரிலேயே பார்த்துவிட்டுப் போகலாமே என்பார்கள். என் வேலைக்கு அது சரிப்படாது. ஒரு புத்தகத்துக்கு ஆசிரியரிடமிருந்து, பதிப்பகத்திலிருந்து, சிவகாசி அச்சகத்திலிருந்து என்று மெயில்கள் வெவ்வேறு முகவரிகளுக்கு வரும். தண்டர்பேர்டில் அத்தனை கணக்கும் ஒரே ஜன்னலில் நிற்கின்றன. நெட் போனாலும் பழைய மெயில் என் வட்டிலேயே இருக்கிறது. “மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஊர்ப் பெயரை மாற்றச் சொன்னேனே” என்று ஆசிரியர் போனில் கேட்டால், பேசிக்கொண்டே தேடி எடுத்துவிடுவேன். தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. இலவசம், மூன்று வகைக் கணினியிலும் ஓடும். லினக்ஸில் எவல்யூஷன், கேமெயில் என்று வேறு நல்ல மென்பொருள்களும் உண்டு.

எங்களுக்குப் பொதுவாக ஒரு முகவரி இருக்கிறது. வேலை கேட்டு வருகிற மெயில் எல்லாம் அங்கேதான் வரும். மூன்று பேரும் அவரவர் கணினியில் அதைத் திறந்து வைத்திருப்போம். இதைச் சாத்தியமாக்குவது ஐமேப் என்கிற முறை. ஸ்டான்ஃபோர்டில் வேலை பார்த்த மார்க் கிறிஸ்பின் 1986-ல் வடிவமைத்தது. மெயில் சர்வரிலேயே இருக்கும். நம் கணினிகள் அதைப் பார்வையிடும். நான் படித்தால் மற்ற இருவருக்கும் படித்ததாகவே தெரியும். நான் நட்சத்திரம் போட்டால் அவர்களுக்கும் கொடி தெரியும். பழைய பாப் முறையில் முதலில் திறக்கிற கணினி மெயிலை இழுத்துக்கொண்டு சர்வரைக் காலி செய்துவிடும் ஆபத்து உண்டு. பலர் சேர்ந்து பார்க்கிற முகவரிக்குப் பாப் வைக்கவே கூடாது.

ஐமேப் வைத்தாலும் ஒரு சிக்கல் பாக்கி.

“அக்கா, பைண்டிங் கொட்டேஷனுக்குப் பதில் போட்டீங்களா?”

“நேத்தே போட்டுட்டேனே தம்பி.”

“சென்ட்ல இல்லையே.”

அவன் பார்த்தது வேறு சென்ட். அனுப்பிய மெயிலை வைக்கிற ஃபோல்டருக்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பெயர் வைக்கும். தண்டர்பேர்டுக்கு அது ‘சென்ட்’. அவுட்லுக்குக்கு ‘சென்ட் ஐட்டம்ஸ்’. ஆப்பிள் மெயிலுக்கு ‘சென்ட் மெசேஜஸ்’. மூன்றும் ஒரே சர்வரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவரவர் அனுப்பியது அவரவர் ஃபோல்டரில். குப்பைக்கும் டிராஃப்டுக்கும் இதே கதைதான். எந்த ஃபோல்டர் எதற்கு என்று சர்வரே சொல்லிவிடுகிற ஏற்பாடு 2011-ல் ஐமேப்புக்கு வந்துவிட்டது. எல்லாச் சர்வரும் அதைச் சொல்வதில்லை, சொன்னாலும் பழைய மென்பொருள் கேட்பதில்லை. தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குள் ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே போய், எல்லோரும் பார்க்கிற ஒரே ஃபோல்டரை நானாகக் கைகாட்டினேன். மேக்கிலும் அப்படியே செய்தோம். கலப்பு அலுவலகம் ஒன்றைத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

தமிழில் மெயில் எழுதுகிறவர்கள் நன்றி சொல்ல வேண்டிய இரண்டு பேர் நத்தானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும். 1992-ல் அவர்கள் மைம் என்கிற தரத்தை வெளியிட்டார்கள். அதற்கு முன் மெயில் என்றால் வெறும் ஆங்கில எழுத்து. மைம் வந்தபின் ஒரு மெயிலைப் பல பகுதிகளாகக் கட்ட முடிந்தது. ஒவ்வொரு பகுதியும் தன் தலையில் ‘நான் எழுத்து, இன்ன குறியீட்டில் இருக்கிறேன்’, ‘நான் படம்’, ‘நான் பிடிஎஃப்’ என்று எழுதி வைத்திருக்கும். பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. சீட்டு சரியாக இருந்தால் பிரிப்பவர் எந்தக் கணினியில் பிரித்தாலும் ஒன்றுதான். எனக்குத் தெரிந்தவரை, கலப்பு அலுவலகத்தின் தொல்லைகளில் பெரும்பங்கு இந்தச் சீட்டு தவறுவதால் வருவது. ‘லினக்ஸ் ஒத்துவராது’ என்கிற பழி அதற்குப் பின்னால் வருவது.

வின்மெயில்.டாட் அதற்கு நல்ல உதாரணம். ஒரு பதிப்பகத்திலிருந்து “அட்டைக்கான வாசகம் இணைத்திருக்கிறேன்” என்று மெயில் வரும். உள்ளே வேர்டு ஃபைல் இருக்காது, வின்மெயில்.டாட் என்று ஏதோ ஒன்று இருக்கும். அனுப்பியவரின் அவுட்லுக், ‘ரிச் டெக்ஸ்ட்’ என்கிற வடிவத்தில் மெயிலை எழுதி, எழுத்தலங்காரத்தையும் அட்டாச்மென்டையும் மைக்ரோசாஃப்ட்டின் டிநெஃப் என்கிற பொட்டலத்துக்குள் சேர்த்துக் கட்டியிருக்கும். வாங்குகிறவரும் அவுட்லுக் வைத்திருந்தால் பொட்டலம் தானாகப் பிரிந்துவிடும். மற்றவர்களில் பலருக்கு மூடியே இருக்கும். மேக் வைத்திருக்கிறவருக்கும் அதே கதிதான். லினக்ஸில் டிநெஃப் என்ற பெயரிலேயே ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஃபைலைச் சேமித்து அதனிடம் கொடுத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைக்கும். நான் அப்படி எடுத்துவிட்டு, அனுப்பியவருக்குப் பதிலும் போடுவேன்: “வாசகம் கிடைத்தது சார். அவுட்லுக்கில் மெயில் ஃபார்மேட்டை ஹெச்டிஎம்எல் என்று மாற்றிவைத்தால் எல்லோருக்கும் நேராகத் திறக்கும்.” பெரும்பாலும் மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவது தமிழில் வேலை செய்கிறவர்களுக்கே உரிய சிக்கல். இதைப் பற்றி யாராவது முன்பே எழுதியிருந்தால் எனக்கு நிறைய நேரம் மிஞ்சியிருக்கும்.

அண்ணன் மேக்கிலிருந்து ‘பொருளடக்கம்’ என்று பெயரிட்ட பிடிஎஃப் அனுப்புகிறார். ஃபோல்டரில் சேமிக்கிறேன். பிறகு ‘பொருளடக்கம்’ என்று தட்டித் தேடினால் இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை. காரணம் ‘பொ’. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ப என்ற எழுத்தோடு ‘ொ’ என்கிற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம். ப-வுக்கு முன்னால் தெரிகிற ஒற்றைக்கொம்பையும் பின்னால் தெரிகிற காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் மேக்கின் பழைய வட்டு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், ஃபைல் பெயரில் உள்ள இப்படிப்பட்ட எழுத்தையெல்லாம் பிரித்துத்தான் எழுதிவைக்கும். 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. பழைய வட்டிலிருந்து வந்த பெயர்கள் பிரிந்தபடியே வாழ்கின்றன. அட்டாச்மென்டாக அனுப்பும்போது பிரிந்த பெயரே மெயிலில் போகிறது. லினக்ஸோ பெயர்களை பைட் பைட்டாக ஒப்பிடும். அதன் கணக்கில் இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘பொருளடக்கம்’ அருகருகே நிற்கவும் நிற்கும். அச்சுக்கு எது போகிறது என்று தெரியாமல் அனுப்பிவைத்தால் ஒரு ஃபாரம் முழுக்க வீணாகும்.

ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளுக்கும் தனி ‘ஔ’வுக்கும் மட்டும்தான் இந்தப் பிரச்சினை. ‘முன்னுரை’ கிடைக்கும், ‘தொகுப்புரை’ கிடைக்காது. அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. சில நாள் தேடல் வேலை செய்கிறது, சில நாள் செய்யவில்லை என்றே நினைக்கிறார்கள். லினக்ஸில் கான்வ்எம்வி என்கிற கருவி, ஒரு ஃபோல்டரில் உள்ள அத்தனை பெயரையும் ஒரே கட்டளையில் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். அட்டாச்மென்ட் சேமிக்கிற ஃபோல்டரில் அதைத் தினமும் ஓடவிட்டிருக்கிறேன். ஃபைல் பெயரில் இன்னும் ஒரு கட்டுப்பாடு: லினக்ஸில் ‘அத்தியாயம் 3: திருத்தம்’ என்று முக்காற்புள்ளி போடலாம், விண்டோஸ் அதை ஏற்காது. எனவே பெயர்களில் சிறுகோடு தவிர வேறு குறி வைப்பதில்லை.

மெயிலின் உள்ளே எந்த எழுத்துரு என்று நான் குறிப்பிடுவதே இல்லை. என்னிடம் நோட்டோ சான்ஸ் தமிழ், தம்பியிடம் நிர்மலா, அண்ணனிடம் தமிழ் சங்கம் எம்என். யூனிகோடில் எழுதி யூடிஎஃப்-8 என்று சீட்டு ஒட்டிவிட்டால், அவரவர் கணினி தன்னிடம் இருப்பதைக் கொண்டு காட்டிவிடும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் தட்டிய வாசகத்தை மெயிலில் ஒட்டி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். வயதான ஆசிரியர்கள் அனுப்பினால் நானே மாற்றிக்கொள்கிறேன். அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வருவதில்லை.

பெரிய நிறுவனங்களோடு வேலை செய்யும்போது மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் குறுக்கே வரும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேவையில் வெறும் கடவுச்சொல்லைக் கொடுத்து மெயில் எடுக்கிற பழைய வழியை 2022 அக்டோபரிலிருந்து மூட ஆரம்பித்தார்கள். இப்போது பிரவுசர் ஜன்னல் ஒன்று திறந்து, நிறுவனத்தின் பக்கத்திலேயே நுழைந்து, அனுமதி வாங்க வேண்டும். தண்டர்பேர்டு அதைச் செய்கிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் சிஸ்டம் அட்மின் ஐமேப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். திறக்க மறுக்கிற இடங்களுக்கு எவல்யூஷன் நெடுநாளாகக் கைகொடுத்துவருகிறது. எக்ஸ்சேஞ்ச் மொழியிலேயே பேசுகிற துணைப்பொருள் அதற்கு உண்டு. 2025 நவம்பரில் வந்த தண்டர்பேர்டு 145-லிருந்து அதற்கும் எக்ஸ்சேஞ்ச் மெயிலை நேரடியாக எடுக்கத் தெரிகிறது. மீட்டிங் அழைப்புகள் பொதுத் தரத்தில் வருவதால் அவ்வளவு தொல்லை இல்லை. ஒப்புக்கொள்கிறேன் என்று தட்டினால் எதிரே இருக்கிறவரின் அவுட்லுக்கில் பதிவாகிவிடும்.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 40,000-க்கும் மேற்பட்ட மெயில் பெட்டிகளை எக்ஸ்சேஞ்ச், அவுட்லுக்கிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்டுக்கு மாற்றி முடித்ததாக 2025 அக்டோபரில் அறிவித்தது. ஓர் அரசுக்குத் தன் கடிதங்கள் தன் கையில் இருக்க வேண்டும் என்ற கவலை இருக்கிறதென்றால், ஒரு புத்தகத்தின் கடிதங்களைப் பற்றி எனக்கும் அதே கவலை உண்டு. எழுத்தாளருக்கும் எடிட்டருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து அந்தப் புத்தகத்தின் ஒரு பகுதி. ஒரு வரி ஏன் அப்படி மாறியது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

மறுபதிப்பு வேலை ஒன்றுக்காகப் பழைய பதிப்பாளர் குடும்பத்தினர் ஒரு வட்டைக் கொடுத்தார்கள். அதில் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் ஒன்று இருந்தது. அது மைக்ரோசாஃப்ட்டுக்கே உரிய அமைப்பு. பல வருட மெயில் ஒரே பெட்டிக்குள். தம்பியின் கணினியில் இருக்கிற புதிய அவுட்லுக்கால் அதை முழுதாக இறக்கிக்கொள்ள முடியவில்லை. லினக்ஸில் ரீட்பிஎஸ்டி என்ற கருவிக்குக் கொடுத்தேன். ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் வைத்தது. எம்பாக்ஸ் என்பது வெறும் எழுத்து ஃபைல். எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறந்து மெயில்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம். தண்டர்பேர்டும் அதே வடிவத்தில்தான் வைக்கிறது.

உள்ளே, முதல் பதிப்பு அச்சான பிறகு ஆசிரியர் அனுப்பிய பிழைதிருத்தப் பட்டியல் கிடந்தது. இரண்டாம் பதிப்பில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அண்ணன் அந்தத் திருத்தங்களை எல்லாம் மேக்கில் ஏற்றினார். தம்பி எம்பாக்ஸைப் பிரதி எடுத்து அந்தக் குடும்பத்தினருக்கு ஒன்று அனுப்பினான். மூன்றாம் பதிப்பு இப்போது சிவகாசியில் பைண்டிங்கில் இருக்கிறது.