பழைய இரும்பு – 12: சத்தம் இருக்கட்டும்

போன வாரம் அம்பாசிடரின் சிலிண்டர் ஹெட்டைப் புது கேஸ்கெட்டின் மேல் உட்காரவைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு நிறுத்தியிருந்தோம். இனி புஷ் ராடுகளை இறக்க வேண்டும், ராக்கர் ஷாப்டை மாட்ட வேண்டும், டாப்பெட் இடைவெளி வைக்க வேண்டும். முதல் இரண்டு வேலையிலும் வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். மூன்றாவதில் திரும்பி வந்து வாயைத் திறப்பார். “அண்ணே, டக்கு டக்குனு கேக்குது பாருங்க. கொஞ்சம் டைட் பண்ணி விட்டுடுங்க.” அண்ணனும் விடுவார். வண்டி சத்தமில்லாமல் பட்டறையை விட்டுப் போகும். பிறகொரு நாள் எக்ஸாஸ்ட் வால்வு கருகி, ஒரு சிலிண்டர் செத்துத் திரும்பி வரும்போது பழி முழுக்க பெட்ரோல் பங்க் மேல் விழும்.

சத்தத்தைப் பார்த்து இப்படிப் பயப்படத் தேவையே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

1489 சிசி பெட்ரோல் இன்ஜினைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பகால அம்பாசிடர்களில் இருந்த சைடு வால்வு இன்ஜினுக்குப் பதிலாக உத்தர்பாரா தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது. இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்த பி சீரிஸ். எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே குடும்பம்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இதில் கேம் ஷாப்ட் கீழே பிளாக்குக்குள் இருக்கிறது. வால்வுகள் மேலே ஹெட்டில். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைத் திறக்க வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் புஷ் ராடு. கேம் டாப்பெட்டைத் தூக்கும், டாப்பெட் ராடைத் தூக்கும், ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும், மறுமுனை வால்வை அமுக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை இப்படித் திறந்து மூடுகிறது.

ராடைப் போடுவதை வேலையாகவே யாரும் மதிப்பதில்லை. ஓட்டைக்குள் விட்டால் போகிறது, அவ்வளவுதானே என்பார்கள். அப்படியல்ல. கழற்றும்போதே ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் குத்திவைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ராடும் தன் டாப்பெட்டோடும் தன் ராக்கரோடும் சேர்ந்து தேய்ந்திருக்கிறது. ஜோடி மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து தேயும். கழற்றும்போது இன்னொன்றும் நடக்கும். கீழே எண்ணெய் பிடித்து ஒட்டியிருப்பதால் ராடை வெடுக்கென்று உருவினால் டாப்பெட்டும் கூடவே கிளம்பி வந்து உள்ளே விழுந்துவிடலாம். லேசாகத் திருகி ஆட்டி, ஒட்டு விட்டபின் எடுக்க வேண்டும். எடுத்த ராடைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் துள்ளும். தட்டி நிமிர்த்தலாம் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

திரும்ப இறக்கும்போது ராடின் இரு முனையிலும் எண்ணெய் தடவி மெதுவாக விட வேண்டும். குண்டு முனை கீழே, குழி முனை மேலே. டாப்பெட்டின் குழியில் அது உட்காருவது கைக்குத் தெரியும். விளிம்பில் நின்றிருந்தால் மற்ற ராடுகளைவிட இது சற்று உயர்ந்து தெரியும். அதைக் கவனிக்காமல் ராக்கரை இறுக்கினால் ராடு வளைவது நிச்சயம். ராக்கரை வைப்பதற்கு முன் எட்டு அட்ஜஸ்டிங் ஸ்குரூவையும் நன்றாகத் தளர்த்திவிடுங்கள். ராக்கர் ஷாப்டைப் பிடிக்கும் எட்டு நட்டில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அதனால் ராக்கரை மட்டும் கழற்ற நினைத்தாலும் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஹெட்டின் பதினோரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக முறைப்படி தளர்த்தியாக வேண்டும். நான்கை மட்டும் அவிழ்த்தால் ஹெட் கோணிக்கொண்டு தண்ணீர் எண்ணெயில் இறங்கும். மாட்டும்போதும் அப்படியே, நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்ச் வைத்து.

இப்போது டாப்பெட். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே இடைவெளி 15 தவ். அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து, சுமார் 0.38 மில்லிமீட்டர். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை எளிதாகச் சுற்றலாம். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் வையுங்கள். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம். ஆறு அமுங்கினால் மூன்று, நான்கு அமுங்கினால் ஐந்து, ஏழு அமுங்கினால் இரண்டு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று தொடங்கி, பின்பாதி அப்படியே தலைகீழாக வருகிறது. ஒன்றாம் சிலிண்டரும் நான்காமதும், இரண்டாமதும் மூன்றாமதும் ஜோடிகள். ஒன்று முழுக்கத் திறந்திருக்கும் நேரத்தில் அதன் ஜோடி கேமின் முதுகில் ஓய்வாக இருக்கும். எழுதப்படிக்கத் தெரியாத மெக்கானிக்குகள்கூட இந்த ஒன்பதை மனத்தில் வைத்திருந்தார்கள்.

ஃபீலர் கேஜைச் செருகி ஸ்குரூவைத் திருக வேண்டும். கனத்த புத்தகத்தின் அடியிலிருந்து தாளை உருவுவது போல லேசான பிடிப்போடு அது வர வேண்டும். பிறகு திருப்புளியால் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, மறுபடி கேஜை விட்டுப் பாருங்கள். நட்டு இறுகும்போது ஸ்குரூவும் கொஞ்சம் சேர்ந்து திரும்பியிருக்கும். இந்த இரண்டாவது அளவை எடுக்காதவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு செய்தும் சத்தம் போகவில்லையா? வால்வுத் தண்டு மோதி மோதி ராக்கரின் முகத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் போட்டுக்கொண்டு 15 என்று சொல்லும். உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதல். இதற்கு மருந்து ராக்கரை மாற்றுவது. ஸ்குரூவை இன்னும் இறுக்குவது இதற்கு மருந்தல்ல. இடைவெளி கூடினால் என்ன ஆகும்? வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், கொஞ்சம் குறைவாகத் திறக்கும், தட்டும். அவ்வளவுதான். குறைந்தால் கதை வேறு. சூடேறி நீளும் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை அந்தச் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. அந்த நேரம் பறிபோனால், எரியும் வாயு இடுக்கு வழியே பீறிட்டு விளிம்பைத் தின்றுவிடும். அதற்குச் சத்தமே வராது.

இன்னொரு சங்கதி. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம் மூச்சுக்குக் கேடு, போனது நல்லதே. ஆனால் பழைய இரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் சீட்டுக்கு மெல்லிய பூச்சாக அதுதான் காவல் இருந்தது. காவல் போனதும் நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டப்படும் வண்டிகளில் சீட் தேய்ந்து, வால்வு மேலே ஏறுகிறது. ஏற ஏற டாப்பெட் இடைவெளி தானாகவே சுருங்குகிறது. ஆகவே பழைய அம்பாசிடர் திடீரென்று ‘ஸ்மூத்’ ஆகிவிட்டது என்று பெருமைப்படுபவர், அன்றே டாப்பெட் கவரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு இன்ஜினோடு வந்த புல்லட்டில் இந்தக் கணக்கே வேறு என்று சிலர் குறுக்கிடக்கூடும். அங்கே இன்ஜின் குளிர்ந்திருக்கையில், ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜுக்கு வேலையில்லை. அந்தப் பழக்கத்தோடு அம்பாசிடரில் கைவைத்தால் எட்டு வால்வும் காலி.

கடைசியாக, புது கேஸ்கெட் போட்ட ஹெட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கும் வழக்கம் உண்டு. இறுக்கினால் ஹெட்டோடு ராக்கரும் துளி கீழே இறங்கும், ராடோ அதே உயரத்தில் நிற்கும், இடைவெளி குறையும். எனவே ஒன்பதுக் கணக்கை அன்று திரும்பவும் போட வேண்டும். கவரை மூடும்போது கார்க் பேக்கிங் புதிதாக இருக்கட்டும். கவரைப் பிடிக்கும் இரண்டு நட்டை மல்லுக்கட்டி இறுக்கினால் பேக்கிங் பிதுங்கி எண்ணெய் கசிந்து சைலன்சர் குழாயில் சொட்டும், வண்டிக்குள் புகை வரும். அடுத்த வாரம் கார்புரேட்டர்.

(தொடரும்)