பைக் பறக்கிறதா, பிரேம் பறக்கிறதா?

"புது கம்ப்யூட்டர் சார். பைக் ரேஸ் படம் போட்டுப் பார்த்தேன். ஹீரோ உட்கார்ந்து பேசும் காட்சியெல்லாம் பளிச்சென்று வருகிறது. பைக் ஓட ஆரம்பித்ததும் படம் திக்கித் திக்கி நகர்கிறது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?" அடையாறு பகுதியில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடமிருந்து இப்படி ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது.

பெரும்பாலும் கடைக்காரர் மீது தப்பில்லை. சினிமா என்பது நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுவது. இந்த ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறோம். நம் வீட்டு மானிட்டர்களில் பெரும்பாலானவை நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கின்றன. 60-ஐ 24-ஆல் வகுத்தால் முழு எண் வராது. எனவே கம்ப்யூட்டர் ஒரு பிரேமை இரண்டு முறையும் அடுத்த பிரேமை மூன்று முறையும் காட்டிச் சமாளிக்கிறது. ஆள் சும்மா நிற்கும் காட்சியில் இது தெரியாது. கேமரா பைக்கோடு சேர்ந்து வேகமாகத் திரும்பும்போது இந்த இரண்டு, மூன்று தாளம் கண்ணில் உறுத்தும். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் கணக்கு சரியாக வரும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று சென்றால் உங்கள் மானிட்டரின் ரெப்ரெஷ் ரேட் என்ன என்று தெரிந்துவிடும்.

உண்மையிலேயே கம்ப்யூட்டர் திணறுகிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. யூடியூபில் ஓடும் படத்தின் மீது மவுசின் வலது பட்டனைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் கடைசியாக ஸ்டேட்ஸ் பார் நெர்ட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கிளிக் செய்தால் சின்ன கட்டம் ஒன்று திறக்கும். அதில் டிராப்டு பிரேம்ஸ் என்ற எண் ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். திறந்து வைத்திருக்கும் மற்ற விண்டோக்களை மூடுங்கள், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

இந்தச் சோதனைக்கு பைக் படங்களைவிடச் சிறந்த சரக்கு கிடையாது. தமிழில் பைக் ரேஸையே கதையாக வைத்து வந்தது 2014 ஆகஸ்டில் வெளியான 'இரும்பு குதிரை'. யுவராஜ் போஸ் இயக்கம், அதர்வா ஹீரோ. அப்பாவை விபத்தில் பறிகொடுத்ததும் வேகம் என்றாலே ஒதுங்கும் பையனை மறுபடியும் ரேஸுக்கு இழுக்கிறார்கள். '7ஆம் அறிவு' படத்தில் மிரட்டிய ஜானி ட்ரி நுயென்தான் இதிலும் வில்லன். அடுத்தது 2022 பிப்ரவரி 24 அன்று வெளியான 'வலிமை'. எச். வினோத் இயக்கிய இந்தப் படத்தில் பைக் கும்பலைப் பிடிக்கும் போலீஸ் அதிகாரியாக அஜித் வருகிறார். இதன் ஒளிப்பதிவாளர் நீரவ் ஷா, 2004-ல் இந்தியா முழுக்கப் பையன்களை பைக் பைத்தியமாக்கிய 'தூம்' படத்துக்கும் கேமரா பிடித்தவர். கதையாகப் பார்த்தால் இரண்டுமே சுமார்தான் என்பது என் கருத்து. ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க இவை அருமையான படங்கள்.

நிறுத்திப் பார்ப்பது எப்படி? யூடியூபில் படக் கம்பெனியே வெளியிட்ட டிரைலரைத் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். இப்போது கீபோர்டில் முற்றுப்புள்ளி கீயை அழுத்தினால் ஒரே ஒரு பிரேம் முன்னால் போகும். கமா கீ ஒரு பிரேம் பின்னால் கொண்டு வரும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் வீடியோ பைல் என்றால், இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் திறந்து ஆங்கில எழுத்து 'இ' கீயை அழுத்தவும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பிரேம் நகரும். (விஎல்சியில் இதுபோல் ஒவ்வொரு பிரேமாகப் பின்னால் போக முடியாது.) ஷிப்ட் கீயுடன் 'எஸ்' கீயை அழுத்தினால் அந்தப் பிரேம் போட்டோவாகப் பதிவாகிவிடும். சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி தளங்களில் இந்த வேலை நடக்காது. அங்கே போட்டோ எடுத்தால் பெரும்பாலும் கறுப்புக் கட்டம்தான் வரும். திருட்டுத்தனமாக நகல் எடுப்பதைத் தடுக்க அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. 100 கி.மீ. வேகத்தில் ஓடும் பைக் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. அதை 24-ஆல் வகுத்தால் ஒரு பிரேமுக்கு சுமார் 1.16 மீட்டர். அதாவது முற்றுப்புள்ளி கீயை ஒரு முறை தட்டினால் பைக் தன் நீளத்தில் பாதிக்கு மேல் நகர வேண்டும். நகர்கிறதா என்று பாருங்கள். அரையடி மட்டுமே நகர்ந்தால், பைக் 15 கி.மீ. வேகத்தைக்கூடத் தொடவில்லை என்று அர்த்தம். அப்படியும் தியேட்டரில் விசில் பறந்திருக்கும். கேமரா தரையோடு தரையாக இருந்தால், சத்தம் பெரிதாக இருந்தால், வெட்டுகள் மளமளவென்று விழுந்தால், சிறிய வேகமும் பெரிதாகிவிடும்.

சினிமாக்காரர்களுக்கு இதைவிடப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. நொடிக்கு 18 பிரேம் எடுத்து 24 பிரேமாக ஓட்டினால் 60 கி.மீ.யில் ஓடிய பைக் 80-ல் ஓடுவதாகத் தெரியும். 16 பிரேம் எடுத்தால் 90. இதைக் கண்டுபிடிக்க பைக்கைப் பார்க்கக் கூடாது. பின்னணியில் நடந்து போகிறவரைப் பாருங்கள். ஊமைப் படக் காலத்து ஆட்கள் மாதிரி அவரும் குடுகுடுவென்று நடந்தால் தந்திரம் வெளிப்பட்டுவிடும். இன்று கேமராவில் கை வைக்கவே வேண்டாம். எடிட்டிங் சாப்ட்வேரில் நாலு பிரேமுக்கு ஒன்றைத் தூக்கிவிட்டாலே அதே பலன்.

சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். ரேஸ் பைக்கின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும் என்று வையுங்கள். ஐந்து ஆரங்கள். 104 கி.மீ. வேகத்தில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக மூன்று ஆரங்கள் கடந்துபோகும். ஒரு ஆரம் இருந்த இடத்தில் இன்னொரு ஆரம் வந்து நிற்பதால் சக்கரம் சுற்றாமல் நிற்பதுபோல் தோன்றும். 100 கி.மீ.யில் மூன்றுக்குச் சற்றுக் குறையும். அப்போது சக்கரம் மெதுவாகப் பின்னால் சுற்றும். பைக் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கும்!

பிராட்பேண்ட் மந்தமான வீடுகளில் துரத்தல் காட்சி வந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். வீடியோ பைல் ஒவ்வொரு பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முந்தைய பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கிறது. சோபாவில் இருவர் பேசினால் வாய் மட்டும் மாறும். 'வலிமை'யில் இடைவேளையையொட்டி போலீஸ் பஸ்ஸை பைக்குகள் துரத்தும் நெடுஞ்சாலைக் காட்சியில் சாலை, மரம், புழுதி எல்லாமே மாறிக்கொண்டிருக்கின்றன. அனுப்ப வேண்டிய டேட்டா எகிறிவிடும். யூடியூபில் குவாலிட்டியை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள், அனுப்ப வேண்டிய டேட்டா குறையும்.

பாய்ந்து பறக்கும் காட்சிகளில் ஆளையும் வண்டியையும் கம்பிகளில் கட்டித் தூக்குவது வழக்கம். பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கம்பிகளை அழிப்பார்கள். ஒரு நொடிக் காட்சி என்றால் 24 படங்களில் அழிக்க வேண்டும். மூன்று மணி நேரப் படத்தில் மொத்தம் 2,59,200 பிரேம்கள் என்பதை நினைத்தால், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் ஏன் அத்தனை நீளம் என்பது புரியும்.

ஆனால் எல்லாமே கம்ப்யூட்டர் வேலை இல்லை. 2021 டிசம்பரில் வெளியான 'வலிமை' மேக்கிங் வீடியோவில், முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும்போது அஜித் பைக்கோடு சறுக்கி விழுவது அப்படியே இருக்கிறது. அவர் கார் ரேஸில் பார்முலா 2 வரை ஓட்டியவர். உடம்பு முழுக்கப் பாதுகாப்புக் கவசம், ஆள் நடமாட்டம் இல்லாத சாலை, பக்கத்திலேயே உதவி. அப்படியிருந்தும் விழுந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடையாறிலிருந்து எல்.பி. ரோடு வழியாகத் திருவான்மியூர் போனால் அங்கே தொடங்குகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே அதிகாலையில் ரேஸ் விட்ட பையன்களின் வண்டிகளைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள் என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே இதுபோல் சக்கரம் தூக்கி விழுந்த யூடியூபர் ஒருவருக்குக் கை முறிந்தது. சிறைக்கும் போனார், ஓட்டுநர் உரிமமும் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. 100 கி.மீ. வேகத்தில், ஆபத்தைப் பார்த்து மூளை பிரேக்கை நினைக்க ஒரு நொடி ஆகிறது என்றால் அதற்குள் 24 பிரேம்கள் ஓடிவிடும். இரண்டு மாநகர பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிட அதிக தூரம் அது.

வேகம் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையில் இடம் இல்லாமல் இல்லை. முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளத்துக்குத் தனி டிராக் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். பகலில் எல்.பி. ரோடு நடைபாதையில் பாதுகாப்பாக நின்று, குறுக்கே போகும் ஒரு ஸ்கூட்டரைச் செல்போனை அசைக்காமல் வீடியோ எடுங்கள். எதிரே ஒரு விளக்குக் கம்பம் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் காப்பி செய்து, விஎல்சியில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். முன்சக்கரம் கம்பத்தைத் தாண்டியதிலிருந்து பின்சக்கரம் தாண்டும் வரை எத்தனை பிரேம்? நம் ஊர் ஸ்கூட்டர்களில் இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையே சுமார் 1.25 மீட்டர். எக்ஸெலில் 1.25-ஐ நொடிக்கான பிரேம் எண்ணிக்கையால் பெருக்கி, நீங்கள் எண்ணிய பிரேம்களால் வகுத்து, 3.6-ஆல் பெருக்குங்கள். 30 பிரேம் வீடியோவில் 3 பிரேம் எடுத்தால் வேகம் 45 கி.மீ. ஒரு பிரேம் தவறினாலும் விடை மாறும் என்பதால் இது தோராயக் கணக்குதான். உங்கள் போன் 30 பிரேமில் எடுக்கிறதா 60-லா என்பதை விஎல்சியில் கண்ட்ரோல் கீயுடன் 'ஜே' அழுத்தி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 30-ல் எடுத்ததற்கு 60 என்று போட்டுவிட்டால், 45-ல் போன மாமாவின் ஸ்கூட்டர் 90-ல் பறந்ததாக எக்ஸெல் சொல்லும்!