சப்டைட்டில் எங்கே போயிற்று?

போன தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டு டி.வி.டி. பிளேயர் மூச்சை நிறுத்திக்கொண்டது. லென்ஸ் போய்விட்டது, உதிரி பாகம் இனிக் கிடைக்காது என்று பழுது பார்ப்பவர் கையை விரித்தார். அலமாரியிலோ நாற்பது தமிழ்ப் படத் தட்டுகள். ரயில்வே உத்தியோகத்தில் கல்கத்தா பக்கம் வந்த பிறகு, ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் வாங்கிச் சேர்த்தவை. நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஓர் அலமாரி இருக்கும்.

என் மருமகள் வங்காளிப் பெண். கல்யாணமான புதிதில் அவளும் நாங்களும் சங்கடமில்லாமல் ஒன்றாக உட்கார்ந்து செய்த காரியம் படம் பார்ப்பதுதான். திரையின் கீழே ஓடும் ஆங்கில வரிகள்தான் அவளுக்குத் துபாஷி. ஆகவே, மகன் ஒரு சிறிய கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்து, "தட்டுகளை இதில் ஏற்றிக்கொள்ளுங்கள் அப்பா" என்றதும் சந்தோஷமாக ஆரம்பித்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து பத்துப் படங்களை ஏற்றினேன். படம் கண்ணாடி மாதிரி, ஒலியும் பழுதில்லை. கீழே வரிகளை மட்டும் காணோம்! மருமகள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, அடுப்பில் வேலை இருப்பதாக எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகுதான் விஷயத்தைத் துருவினேன். டி.வி.டி.யில் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. நான்கே நிறம் கொண்ட சின்னச் சின்னப் படங்கள். ஒரு தட்டில் 32 வரிசை வரை வைக்கலாம். பிளேயர் அவற்றைத் திரைப்படத்தின் மேல் ஒட்டிக் காட்டுகிறது. நான் மாற்றியது எம்.பி.4 பெட்டியில். அதில் இந்தப் படவரிகளைப் பல மென்பொருள்கள் ஏற்றுவதில்லை, ஏற்றினாலும் பல பிளேயர்கள் காட்டுவதில்லை. மீட்டர் கேஜ் வண்டிச் சரக்கை பிராட் கேஜுக்கு மாற்றும்போது ஒரு மூட்டையை பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டுப் போன கதைதான். எம்.கே.வி. என்ற பெட்டியில் மாற்றினால் மூட்டை பத்திரமாக வந்து சேருகிறது. பத்துப் படங்களையும் மறுபடி ஏற்றினேன். (வி.சி.டி. வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் வரி இருந்தால் படத்தோடு படமாகப் பதிந்தே இருக்கும்.)

'தில்லானா மோகனாம்பாள்' (1968) தட்டில் மட்டும் கீறல் விழுந்து, வரிகள் பாதியில் நின்றுவிட்டன. வேறிடத்தில் கிடைத்த எஸ்.ஆர்.டி. என்ற எழுத்துக் கோப்பைச் சேர்த்தேன். முதல் காட்சி சரியாக இருந்தது. போகப் போக வரிகள் பின்தங்கின. நாகேஷ் பேசி முடித்து, பத்மினி ஆட வந்த பிறகு நாகேஷின் வசனம் கீழே வருகிறது! காரணம் எளிது. சினிமா விநாடிக்கு 24 சட்டம். என் தட்டு பால் முறையில் 25 சட்டமாக ஓடியது. கோப்போ 24க்குத் தயாரானது. ஒரு மணி நேரக் கதையைத் தட்டு 57 நிமிடம் 36 விநாடியில் முடித்துவிடும். வரி 2 நிமிடம் 24 விநாடி தாமதம். தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டியே சரிசெய்யலாம். வளர்ந்துகொண்டே போனால் அது உதவாது. கோப்பின் நேரம் முழுவதையும் 24க்கு 25 என்ற விகிதத்தில் சுருக்க வேண்டும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் அதை ஒரு நிமிடத்தில் செய்கிறது.

அதே மென்பொருள் படவரிகளைப் படித்து எழுத்தாகவும் மாற்றித் தருகிறது. ஆங்கிலத்தின் பெரிய 'ஐ'யையும் சின்ன 'எல்'லையும் குழப்பிக்கொள்ளும், உட்கார்ந்து திருத்த வேண்டும். உழைப்புத்தான். ஆனால் எழுத்தாகிவிட்டால் நம் கைக்கு வந்துவிடுகிறது. நாதஸ்வரத்தை 'பைப்' என்று எழுதியிருந்ததை முதல் வேலையாக மாற்றினேன்.

இதைப் பார்த்த மருமகள், "பாபா, அப்படியானால் வங்காளியிலும் போடலாமா?" என்றாள். அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. போடலாம். கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் கேள்விக்குறியாகவும் கட்டங்களாகவும் வரும். எழுத்துருவும் பொருந்த வேண்டும். நம் 'கெ'யில் கொம்பு முன்னால் வருவதுபோல வங்காளியிலும் வரும். சில பழைய பிளேயர்கள் அதைப் பின்னால் தள்ளிவிடும். எங்களுடையது சரியாகக் காட்டுகிறது.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் உட்காருகிறோம். நான் அர்த்தம் சொல்ல, அவள் தட்டச்சு செய்கிறாள். ஒரு படத்துக்கு ஆயிரம் வரிக்கு மேல். நாளுக்கு முப்பது நாற்பது தேறும். முதல் படம் துர்கா பூஜைக்குள் முடிந்தால் சம்பந்தி அம்மாளை அழைப்பதாக ஏற்பாடு. மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறோம். அத்தான். அத்தை மகனைக் கட்டிக்கொள்ளும் வழக்கமே அவர்களிடம் இல்லை. 'தாதா' என்று போட்டால் அண்ணனாகிவிடும், காதல் காட்சி கெட்டுப்போகும். "அத்தான் என்றே விட்டுவிடுவோம் பாபா, அம்மா கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்கிறாள்.