ஒரு சொல்லுக்காக வாதாடிய அம்மையார்

வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வருகிறது. உறையின் மேல் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கிறது. "என் பெயரைக் காணோமே?" என்று மனைவி கேட்டால், "குடும்பத்துடன் என்று போட்டிருக்கிறதே, அதில் நீயும் அடக்கந்தான்" என்று பதில் வரும். கல்யாணப் பத்திரிகையோடு போனால் பாதகமில்லை. பந்தியில் எல்லோருக்கும் இலை உண்டு. ஆனால் உரிமைப் பத்திரத்திலும் இப்படியே நடந்தால்? 'நீயும் அடக்கம்' என்று சொல்லிச் சொல்லியே மனித குலத்தில் பாதியை வாசற்படியில் நிறுத்தி வைத்துவிடலாம் அல்லவா?

இந்தச் சந்தேகத்தை உலக சபையிலே கிளப்பியவர் நம் நாட்டுப் பெண்மணி ஒருவர். அவர்தாம் ஸ்ரீமதி ஹன்ஸா மேத்தா.

இரண்டாவது உலக யுத்தம் ஓய்ந்த சமயம். இனியாவது மனிதனை மனிதன் வதைக்காதிருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம், மனித உரிமைகளைப் பற்றிய பிரகடனம் ஒன்றைத் தயாரிக்க முனைந்தது. அதற்காக 18 நாடுகளின் பிரதிநிதிகள் கொண்ட கமிஷன் ஏற்பட்டது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து மறைந்த ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அதன் தலைவி. அவரைத் தவிர அங்கே இடம் பெற்றிருந்த இன்னொரு பெண், இந்தியாவின் பிரதிநிதியான ஹன்ஸா மேத்தா. மற்றவர்கள் அனைவரும் ஆண்கள்.

1947-ஆம் வருஷம் டிசம்பரில் ஜினீவா நகரில் கமிஷன் கூடியது. நகலின் முதல் ஷரத்து 'ஆல் மென்' என்று ஆரம்பித்தது. இங்கிலீஷில் 'மென்' என்றால் மனிதர்கள் என்றும் பொருள்; ஆண்கள் என்றும் பொருள். அதோடு, எல்லோரும் சகோதரர்களைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். இந்த வாசகம் காலத்துக்கு ஒவ்வாதது, பெண்களை விலக்குவதாகப் பின்னால் யாரேனும் வியாக்கியானம் செய்ய இடம் கொடுக்கும் என்று ஹன்ஸா அம்மையார் ஆட்சேபித்தார்.

ரூஸ்வெல்ட் அம்மையாருக்கு இதில் ஆபத்து ஒன்றும் தோன்றவில்லை. அந்தச் சொல் மனித ஜாதி முழுவதையும் குறிப்பதாகவே வழக்கத்தில் இருக்கிறது என்றார். 'நீயும் அடக்கந்தான்' என்ற அதே பதில்!

இருவரில் யார் சொன்னது சரி? சரித்திரத்தைக் கேட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கா 1776-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று இதே 'மென்' என்ற சொல்லைத்தான் போட்டது. அங்கே பெண்களின் ஓட்டுரிமை அரசியல் சாசனத்தில் ஏறியது 1920-ல். இடையே 144 வருஷங்கள்! பிரான்ஸில் புரட்சி வெடித்து 1789-ல் மனிதன் உரிமைகளை முழங்கினார்கள். அதில் பெண்ணைக் காணாத ஒலிம்ப் தெ கூழ் என்னும் எழுத்தாளர், 1791-ல் பெண்ணின் உரிமைப் பிரகடனம் ஒன்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1793-ல் அந்த அம்மாளின் தலை கில்லட்டின் இயந்திரத்துக்கு இரையாயிற்று. பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1944-ல்தான். அடக்கம் என்று சொல்லப்பட்டவர்கள் 155 வருஷம் அடங்கியே கிடந்தார்கள்.

ஆகவே அம்மையார் பிடித்த பிடி வெறும் இலக்கணப் பிடிவாதம் அல்ல. ஜினீவாவில் அந்தச் சொல் மாறவில்லை. ஆனால் அடுத்த வருஷமே மாறியது. 1948-ஆம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி பாரிஸ் நகரில் பிரகடனம் நிறைவேறியபோது, முதல் ஷரத்து 'ஆல் ஹ்யூமன் பீயிங்ஸ்' என்று ஆரம்பித்தது. மனிதப் பிறவி எடுத்த அத்தனை பேரும் என்று அர்த்தம். ஆதரவாக 48 நாடுகள் ஓட்டளித்தன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 8 நாடுகள் ஓட்டளிக்காமல் ஒதுங்கி நின்றன.

இதில் வேறு பெண்மணிகளுக்கும் பங்கு உண்டு. டென்மார்க் தேசத்து போடில் பெக்ட்ரூப், 'மென்' என்ற சொல்லே வேண்டாம் என்று வற்புறுத்தினார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்த லட்சுமி மேனன், முகவுரையில் ஆண் பெண் இருபாலாரையும் குறிப்பிட வேண்டும் என்று வாதாடினார். விவாகத்தில் இருவருக்கும் சம உரிமை வேண்டும் என்று பேசினார் பாகிஸ்தானின் பேகம் ஷாயிஸ்தா இக்ரமுல்லா.

ஹன்ஸா அம்மையாருக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? 1897-ல் சூரத்தில் பிறந்தவர் அவர். தகப்பனார் பரோடா சமஸ்தானத்தின் திவான். இங்கிலாந்தில் படித்தார். டாக்டர் ஜீவராஜ் மேத்தாவை ஜாதிக் கட்டுப்பாட்டை மீறி மணந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். அகில இந்திய மாதர் மகாநாட்டின் தலைவியாக இருந்தபோது, பெண்களின் உரிமைச் சாசனம் ஒன்று உருவாக முன் நின்றார். 1947 ஆகஸ்ட் 14-ந் தேதி நள்ளிரவில், இந்தியப் பெண்கள் சார்பில் அரசியல் நிர்ணய சபையிடம் தேசியக் கொடியைச் சமர்ப்பித்தவரும் அவரே.

'அது சரி, பாரிஸில் ஒரு சொல் மாறியதால் நம் வீட்டுப் பெண்ணுக்கு என்ன லாபம்?' என்று சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பிரகடனம் என்பது விதை. அதிலிருந்து கிளைத்தது, பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை. ஐ. நா. சபை அதை 1979-ல் ஏற்றது. இந்தியா 1993-ல் உறுதி செய்தது. அதற்கு முந்திய வருஷம் ராஜஸ்தான் கிராமம் ஒன்றில், சர்க்கார் திட்டத்தில் ஊழியம் செய்த பெண் ஒருவர் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கப் பலர் சேர்ந்து தம்மைப் பலாத்காரம் செய்ததாக அவர் புகார் கொடுத்தார். மாதர் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. வேலை செய்யும் இடத்தில் பெண்ணைக் காக்க அப்போது தனிச் சட்டமே இல்லை. 1997-ல் நீதிபதிகள் அந்தச் சர்வதேச உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு விதிகளை வகுத்துத் தந்தார்கள். 2013-ல் அதுவே சட்டமாயிற்று.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும். அதன் தலைமை பெண்ணிடம் இருக்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். சிறிய இடங்களுக்கு ஜில்லாவில் ஒரு குழு உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்பதை அவரிடம் சொல்லி வைப்பது நம் கடமை.

எல்லாம் முடிந்துவிடவில்லை. உடன்படிக்கையை ஏற்றபோதே, எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரங்களிலும் அதன் சம்மதமின்றித் தலையிடுவதில்லை என்று இந்தியா ஒரு குறிப்பைச் சேர்த்தது. விவாகம், குடும்பம் பற்றிய சமத்துவ ஷரத்துக்கள் அந்தக் குறிப்போடுதான் இன்னும் நிற்கின்றன. எல்லா விவாகங்களையும் பதிவு செய்வது இவ்வளவு பெரிய தேசத்தில் நடக்கிற காரியமல்ல என்றும் சொல்லி வைத்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் 2009-ல் விவாகப் பதிவைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்ததே! நடக்காது என்று எழுதியதும் நடக்கிறது.

எனவே, வீட்டுப் பத்திரமோ, ஆபீஸ் உத்தரவோ, சங்கத்தின் விதியோ, எது கைக்கு வந்தாலும் சகோதரிகள் அதை ஒரு முறை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும். "இதில் நீங்களும் அடக்கந்தான்" என்று யாராவது சொன்னால், "ரொம்ப சந்தோஷம், அதையே எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்பதில் தவறே இல்லை.