அவசர சிகிச்சையில் தொடர்பாடலும் நோயாளி நிறைவும்

அவசர சிகிச்சையில் தொடர்பாடல் என்பது, மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவரும் செவிலியரும் தமக்குள்ளும், நோயாளியுடனும், அவருடைய உறவினருடனும் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறையைக் குறிக்கும். நோயாளி அடையும் மனநிறைவைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளுள் இதுவும் ஒன்றாகும்.

தமிழகச் சூழல்

கோயம்புத்தூர் மாவட்டத்திலுள்ள கருமத்தம்பட்டி, கோவை-சேலம் தேசிய நெடுஞ்சாலையில் (எண் 544, முன்னர் 47) அமைந்துள்ளது. இத்தகைய நெடுஞ்சாலை ஊர்களில் விபத்துக்கு உள்ளாவோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல, 2008 ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கப்பட்ட 108 ஆம்புலன்ஸ் சேவை பயன்படுகிறது. நோயாளி பற்றிய செய்தி ஆம்புலன்ஸ் பணியாளரிடமிருந்து செவிலியருக்கும், அவரிடமிருந்து மருத்துவருக்கும் செல்கிறது. இவ்வாறு கைமாறும் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு விவரம் விடுபட வாய்ப்புண்டு. இப்பகுதியின் விசைத்தறிக் கூடங்களிலும் ஆலைகளிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் பணிபுரிவதால் மொழி வேறுபாடும் ஒரு தடையாகலாம்.

காத்திருப்பும் விளக்கமும்

அவசர சிகிச்சையில் வந்த வரிசைப்படி அன்றி, நோயின் கடுமைப்படியே நோயாளிகள் கவனிக்கப்படுகின்றனர். தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முனைப்புத் திட்டத்தில் நோயாளிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகின்றனர். கை எலும்பு முறிந்து காத்திருப்பவருக்குப் பின்னால் வந்த மாரடைப்பு நோயாளி முதலில் உள்ளே அழைக்கப்படுவார். காரணம் கூறப்படாவிடில் முன்னவர் இதைப் புறக்கணிப்பாகக் கருதுவார். செவிலியர் ஓரிரு சொற்களில் விளக்கினால் அதே காத்திருப்பு நியாயமானதாகத் தோன்றும்.

அமெரிக்காவில் தாம்சன் முதலானோர் 1996 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. உண்மையான காத்திருப்பு நேரத்தைவிட, காத்திருந்ததாக நோயாளி உணரும் நேரமும், அளிக்கப்படும் தகவலும், பணியாளரின் பரிவும் மனநிறைவோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன.

செலவு குறித்த அச்சமும் தகவலால் குறையக்கூடியதே. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரத்தில், வரையறுக்கப்பட்ட தொகைக்கு உட்பட்டு, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இதனை உறவினரிடம் முதலிலேயே தெரிவித்தால் அவர்கள் பணத்துக்காக அலைய வேண்டியிராது.

மருத்துவர்-செவிலியர் தொடர்பாடல்

வீட்டுக்குச் செல்லலாம் எனச் செவிலியரும், தங்க வேண்டும் என மருத்துவரும் கூறினால் நோயாளி இருவர் மீதும் நம்பிக்கை இழப்பார். இதைத் தவிர்க்க நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகளில் தகவலைக் கூறும் முறை உதவுகிறது. அமெரிக்கக் கடற்படையில் தோன்றிய இம்முறை, பின்னர் மருத்துவத் துறைக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது.

வரம்புகள்

மனநிறைவு சிகிச்சைத் தரத்துக்கு முழுமையான அளவுகோல் அன்று. 2012 இல் அமெரிக்காவில் வெளியான ஃபென்டன் குழுவினரின் ஆய்வில், அதிக நிறைவு தெரிவித்தோரிடையே மருத்துவச் செலவும் இறப்பு விகிதமும் கூடுதலாகக் காணப்பட்டன. எனவே நோயாளி கேட்பதையெல்லாம் அளிப்பது நல்ல தொடர்பாடல் ஆகாது. ஒரு பரிசோதனை தேவையில்லை எனில், அதன் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் விளக்குவதும் அதன் பகுதியாகும்.