கெட்டியான எலும்பு, உடையும் எலும்பு

எலும்பின் கதை – 9

போன வாரம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனையும், அது தரும் டி-ஸ்கோர் கணக்கையும் பார்த்தோம். இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு, மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்கு அது. அடர்த்தி குறையக் குறைய எலும்பு முறியும் வாய்ப்பு கூடும் என்பதில் சந்தேகமில்லை. இடுப்பு எலும்பில் ஸ்கோர் ஒரு புள்ளி இறங்கினால், அங்கே முறிவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. அப்படியானால் அடர்த்தியை எப்படியாவது ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. அந்த நம்பிக்கை உடைந்த விதத்தைச் சொல்ல, நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஹெச்.இ.ஷார்ட்டும் அவருடைய சகாக்களும். அந்த ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் காவி படிந்திருந்தது. பெரியவர்களுக்கு முதுகு விறைத்துப்போயிருந்தது. எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பு வழக்கத்தைவிடப் பளீரென்று வெளுத்துத் தெரிந்தது. தசைநார்களில்கூட சுண்ணாம்புச் சத்து ஏறி, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காரணம், குடிதண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. அடர்த்தியை மட்டும் அளந்தால் அந்த எலும்புகளுக்கு முதல் மார்க் கிடைத்திருக்கும். அவற்றைச் சுமந்தவர்களோ குனியக்கூட முடியாமல் தவித்தார்கள்.

ஃப்ளோரைடு எலும்பைக் கெட்டியாக்குகிறது என்ற ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 1960-களில் அதையே எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எலும்பைக் கட்டும் செல்களை அது தூண்டவும் செய்தது. இது உண்மையில் பலன் தருகிறதா என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லாரன்ஸ் ரிக்ஸ் தலைமையில் முறையாகச் சோதித்தார்கள். மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 202 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு, மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை. கால்சியம் இரு பிரிவுக்கும் உண்டு. 1990-ல் முடிவு வெளிவந்தது. நான்கு ஆண்டுகளில் ஃப்ளோரைடு சாப்பிட்டவர்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி 35 சதவிகிதம் ஏறியிருந்தது. எந்த மருந்துக் கம்பெனியும் கொண்டாடக்கூடிய எண். ஆனால், முதுகெலும்பு முறிவுகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. முதுகைத் தவிர மற்ற இடங்களில் முறிவுகள் மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிட்டன.

எலும்பியலின் வரலாற்றில் இதைவிட முக்கியமான தோல்வி எனக்குத் தெரியாது. ஏன் இப்படி ஆயிற்று?

சமையலறையிலேயே விடை கிடைக்கும். சாப்பிட்டு முடித்த கோழிக் காலெலும்பு ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, வினிகரில் ஒரு வாரம் ஊறவையுங்கள். இடையில் ஒருமுறை வினிகரை மாற்றினால் நல்லது. அமிலம் தாதுவைக் கரைத்துவிட, எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். இன்னொரு எலும்பை அடுப்புத் தணலில் முழுக்க வெந்துபோகும்வரை போட்டால் புரதம் எரிந்து தாது மட்டும் மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கிவிடும். தாது கடினத்தைத் தருகிறது, கொலாஜன் அடி தாங்கும் தன்மையைத் தருகிறது. டெக்ஸா அளப்பது தாதுவை மட்டுமே. ஃப்ளோரைடு தாதுப் படிகங்களுக்குள் புகுந்து அவற்றின் அமைப்பை மாற்றிவிடுகிறது. எலும்பு கனக்கும், ஆனால் தரம் கெட்டுப்போகும்.

நெல்லூர் பழைய கதையும் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தடுப்பும் இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தப் பாதிப்பைச் சந்தேகிக்கும் மருத்துவர் முதலில் மூன்று காரியங்களைச் செய்யச் சொல்வார்: முழங்காலை மடக்காமல் குனிந்து பாதத்தைத் தொடுவது, மோவாயை மார்பில் பதிப்பது, இரண்டு கைகளையும் பின்கழுத்தில் கோப்பது. முற்றிய நிலையில் இருப்பவருக்கு மூன்றுமே முடியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. உடம்பையே திருப்பித்தான் பார்ப்பார்.

இதே பாடத்தை நம்மில் கோடிக்கணக்கானவர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களின் டி-ஸ்கோர் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிலருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவும் இருக்கும். ஆனாலும் அவர்களுக்கு இடுப்பு முறியும் வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் நெடுங்காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டிக்கொண்டு, அவற்றை விறைப்பாக்குகிறது. போதாததற்குக் காலில் மரமரப்பு, பார்வை மங்கல், திடீரென்று சர்க்கரை இறங்கி வரும் மயக்கம் என்று விழுவதற்கான காரணங்களும் கூடுகின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு சொல்கிறது. ‘ஸ்கோர் நார்மல்’ என்ற ஒரே வரியோடு இவர்களை வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல.

ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் ஸ்கோர் சரிவதற்கு முன்பே, சில மாதங்களுக்குள் முறிவு வாய்ப்பு கூடிவிடுகிறது. வயதானவர்களின் முதுகில் தேய்மானத்தால் வளரும் எலும்பு முனைகள் ஸ்கோரைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அங்கே இடுப்பின் ஸ்கோரைப் பார்ப்பதே நம்பகமானது. இலவச முகாம்களில் குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துச் சொல்லும் எண் அல்ட்ராசவுண்டில் வருவது. 1994-ன் மைனஸ் 2.5 வரம்பு அதற்குப் பொருந்தாது. அந்தச் சீட்டை மட்டும் நம்பி மருந்து தொடங்கவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம்.

உங்கள் ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போகும்போது மூன்று விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 50 வயதுக்குப் பிறகு லேசாக விழுந்து எலும்பு முறிந்ததுண்டா, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்பு முறிந்ததா, கடந்த ஓராண்டில் எத்தனை தடவை தடுக்கி விழுந்தீர்கள். ஸ்கேன் மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது.

அடர்த்தியும் வலிமையும் சேர்ந்தே வாய்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கார் விபத்தில் சிக்கியும் ஓர் எலும்புகூட முறியாத ஓர் இளம்பெண்ணின் குடும்பத்தை, நெப்ராஸ்காவின் கிரைட்டன் பல்கலைக்கழகத்தினர் தேடிப்போய் ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்தினரின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மரபணுவைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)